ஸ்பீக்கருக்கு முன் எர்த் கம்பியைப் பாருங்கள்

கேள்வி: வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கமாக ஒரு தொடர்மாடியில் மூன்றாம் மாடியில் இருக்கிறோம். ஓய்வூதியப் பணத்தில் நல்லதொரு ஸ்டீரியோ அம்ப்ளிஃபயரும் ஸ்பீக்கர்களும் வாங்கினேன். கடைக்காரர் பவர் கண்டிஷனர் ஒன்றும் கட்டாயம் என்கிறார். விலை அம்ப்ளிஃபயர் விலையில் பாதி. அது இல்லாவிட்டால் ஒலி சுத்தமாக வராது, மின்னலுக்கும் பாதுகாப்பில்லை என்கிறார். வாங்கட்டுமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். அந்தப் பணத்தில் ஒரு பங்கைச் செலவழித்தாலே உங்கள் சாதனங்களுக்கு அதைவிடப் பெரிய பாதுகாப்புக் கிடைக்கும்.

கடைக்காரர் இரண்டு வேறு வேலைகளை ஒன்றாகக் குழப்பிவிட்டார். ஒன்று, மின்சாரத்தில் கலந்து வரும் இரைச்சலை வடிகட்டுவது. மற்றது, திடீரென்று எகிறும் வோல்ட்டளவைத் தடுப்பது. வடிகட்டும் வேலையை உங்கள் அம்ப்ளிஃபயர் ஏற்கெனவே பெருமளவு செய்துகொள்கிறது. சுவரிலிருந்து வரும் 230 வோல்ட் மின்சாரம் நேரே ஸ்பீக்கருக்குப் போவதில்லை. டிரான்ஸ்போமர், ரெக்டிஃபயர், பெரிய கொள்ளளவிகள் என்று கடந்து நேர்மின்னோட்டமாக மாறிய பிறகே பாட்டுக்குப் பயன்படுகிறது. அம்ப்ளிஃபயரின் உள்ளீட்டு வயர்களையெல்லாம் கழற்றிவிட்டு, இரவில் வீடு அமைதியாக இருக்கும்போது ஒலியளவை வழக்கமான இடத்தில் வைத்து ஸ்பீக்கருக்கு அருகே காதை வையுங்கள். கரகரப்பு எதுவும் கேட்கவில்லையா? அப்படியானால் கண்டிஷனர் எதைத்தான் சுத்தம் செய்யப்போகிறது? கேட்டால்கூட, அருகிலுள்ள மங்கலாக்கும் சுவிட்ச், மலிவான எல்இடி பல்பு, குளிர்சாதனப்பெட்டி மோட்டார் ஆகியவற்றை ஒவ்வொன்றாக நிறுத்திப் பாருங்கள். பெரும்பாலும் குற்றவாளி வீட்டுக்குள்ளேயே அகப்படும்.

வோல்ட்டளவு எகிறுவதுதான் கொழும்பில் நம் உண்மையான கவலை. மார்ச், ஏப்ரல் மாதங்களிலும் ஒக்டோபர், நவம்பரிலும் மாலையானால் இடி மின்னல். மின்வெட்டு முடிந்து கரண்ட் திரும்பும் கணம் இன்னொரு ஆபத்து. 2022 மார்ச் இறுதியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை இருட்டில் இருந்தோம். 2025 பெப்ரவரி 9 ஞாயிற்றுக்கிழமை பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்து நாடு முழுவதும் கரண்ட் போனதும் நினைவிருக்கும். இப்படி நின்று திரும்பும் வேளைகளில் வீட்டிலுள்ள மோட்டார்களும் சாதனங்களும் ஒரே நேரத்தில் ஓடத் தொடங்குவதால் வோல்ட்டளவு தடுமாறும். உங்கள் தொடர்மாடியில் ஜெனரேட்டர் இருந்தால், அது மாறும் ஒவ்வொரு முறையும் இதே சங்கடம்.

ஆகவே வரிசை இது: முதலில் எர்த், அடுத்துப் பிரதானப் பெட்டியில் சேர்ஜ் (திடீரென்று எகிறும் வோல்ட்டளவு) புரொடெக்டர், அதன் பிறகே சாதனத்துக்குப் பக்கத்தில் பிளக் செருகும் ஒரு பாதுகாப்புப் பலகை. அனுமதிப்பத்திரம் பெற்ற எலக்ட்ரீஷியனை அழைத்து எர்த்தின் மின்தடையை அளக்கச் சொல்லுங்கள். 10 ஓமுக்குக் கீழே இருந்தால் நிம்மதி. கடற்காற்றில் கம்பியின் இணைப்பு பச்சை பூத்து அரித்திருப்பதை வெள்ளவத்தையில் நானே பலமுறை பார்த்திருக்கிறேன். தொடர்மாடியில் எர்த் பொதுவானது, எனவே நிர்வாகக் குழுவிடமும் கேளுங்கள். எகிறி வரும் மின்சாரத்துக்கு ஒழுங்கான வடிகால் இல்லையென்றால் எவ்வளவு விலையுயர்ந்த பாதுகாப்பும் பாதி வேலைதான் செய்யும்.

பிரதானப் பெட்டியில் பொருத்துவது இரண்டாம் வகைப் புரொடெக்டர். கடையில் 'டைப் 2' என்றே கேட்கலாம். அதன் முகத்தில் சிறு கண்ணாடி இருக்கும். பச்சையாக இருந்தால் உயிரோடு இருக்கிறது, சிவப்பானால் மாற்ற வேண்டும். பொருத்தும்போது ஒன்றை மட்டும் நின்று கவனியுங்கள்: அதற்குப் போய்வரும் வயர்களின் மொத்த நீளம் அரை மீற்றருக்கு மேற்படக்கூடாது. வயரைச் சுருட்டி நீட்டி விட்டால், கருவி நல்லதாயினும் மின்னல் நேரத்தில் அந்த வயரிலேயே வோல்ட்டளவு ஏறிவிடும்.

'ட்ரிப் சுவிட்ச் இருக்கிறதே' என்று சிலர் ஆறுதல் கொள்வார்கள். அது உங்கள் உயிரைக் காப்பது. 30 மில்லி அம்பியர் கசிந்தால் துண்டிக்கும். சேர்ஜைத் தடுக்கும் வேலை அதனுடையதல்ல. ஸ்டெபிலைசரும் அப்படியே: மெதுவாகக் கூடிக் குறையும் வோல்ட்டளவைத் திருத்தும், மின்னல் வேகத்தில் வருவதைப் பிடிக்காது.

சாதனப் பக்கத்துப் பலகைக்குள் இருப்பது பெரும்பாலும் வேரிஸ்டர் என்ற சிறு வட்டு. ஒவ்வொரு அடியையும் தாங்கித் தாங்கி அது தேய்கிறது. ஆகவே வாங்கிய திகதியை அடியில் எழுதிவையுங்கள். பாதுகாப்பு விளக்கு அணைந்தால் பலகை இன்னும் மின்சாரம் கொடுக்கும், ஆனால் காவல் போய்விட்டது.

கேள்வி: கனடாவிலிருந்து அண்ணா நல்ல சேர்ஜ் பலகை ஒன்று கொண்டுவந்து தந்தார். அடாப்டர் போட்டுப் பயன்படுத்தலாமா? *(கொட்டாஞ்சேனை வாசகி)*

பதில்: தயவுசெய்து வேண்டாம் அம்மா. அங்கே வீட்டு மின்சாரம் 120 வோல்ட். அந்தப் பலகையின் வேரிஸ்டர் அதற்கேற்ப வைக்கப்பட்டது. நம் 230 வோல்ட் அதற்கு ஓயாத சேர்ஜ் போலத் தெரியும். சூடேறிப் புகைந்து, தீப்பிடிக்கவும் கூடும். அன்போடு கொடுத்த பொருள்தான், ஆனாலும் பெட்டிக்குள்ளேயே இருக்கட்டும். லண்டனிலிருந்து வந்ததென்றால் கவலை இல்லை. அங்கும் 230 வோல்ட், பிளக்கும் நம் நாட்டின் 13 அம்பியர் சதுர முள் பிளக்கேதான், ஃபியூசும் உள்ளேயே இருக்கிறது.

புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் வாங்கப்போனால் பெட்டியிலுள்ள பெரிய 'ஜூல்' (தாங்கும் ஆற்றல்) எண்ணை மட்டும் நம்பாதீர்கள். 230 வோல்ட்டுக்கு உரியதா, வோல்ட்டளவை எந்த மட்டத்தில் நிறுத்துகிறது, எர்த் முள் உண்மையில் உள்ளே இணைக்கப்பட்டிருக்கிறதா, இவைதான் முக்கியம். நிறுத்தும் மட்டம் 1.5 கிலோவோல்ட்டுக்குக் குறைய இருக்க வேண்டும். எதையுமே எழுதாத பலகை வெறும் நீட்டு வயர்.

கேள்வி: பலகை போட்டும் மின்னலில் அம்ப்ளிஃபயர் போய்விட்டது. ஏமாற்றப்பட்டேனா?

பதில்: உங்கள் நிலை எனக்கும் நேர்ந்தது. ஒரு நவம்பர் மாலையில் என் அம்ப்ளிஃபயரின் உள்ளீட்டுப் பகுதி கருகிப்போனது. பலகையின் பச்சை விளக்கு அப்படியே எரிந்துகொண்டிருந்தது. பிறகுதான் புரிந்தது, மின்னல் மொட்டைமாடி டிஷ் அன்டெனாவின் கேபிள் வழியாகத் தொலைக்காட்சிக்கு வந்து, அங்கிருந்து ஒலி வயரில் ஏறி அம்ப்ளிஃபயருக்குள் புகுந்திருக்கிறது. கரண்ட் வழியைப் பூட்டிவிட்டுக் கேபிள் வழியைத் திறந்துவைத்திருந்தேன். அன்டெனா, இணைய வயர் எல்லாவற்றையும் சேர்த்தே யோசியுங்கள். அருகில் விழும் இடியை எந்தப் பலகையும் தாங்காது. வானம் கறுக்கும்போதே, இடி கேட்கும் முன்னரே பிளக்கையும் கேபிளையும் கழற்றிவிடுங்கள், இடி கேட்கத் தொடங்கிய பிறகு வயரைத் தொட வேண்டாம்.

இன்னொரு காரணமும் இருக்கலாம்: தெருவில் நியூட்ரல் வயர் அறுவது. அப்போது 230-க்குப் பதில் 400 வோல்ட்டை நெருங்கிய அளவு வீட்டுக்குள் நீடித்து வரலாம். கண நேரச் சேர்ஜைப் பிடிக்கும் வேரிஸ்டர் இதில் எரிந்தே போகும். இதற்கென வோல்ட்டளவு கூடினாலும் குறைந்தாலும் துண்டித்து, சில நிமிடம் பொறுத்துத் திரும்ப இணைக்கும் கருவி கடைகளில் கிடைக்கிறது. மின்வெட்டு முடிந்து கரண்ட் வரும் தடுமாற்றத்துக்கும் அதுவே உதவும். நான் கண்டிஷனருக்குப் பதிலாகப் பரிந்துரைப்பது அதைத்தான்.

கேள்வி: தொலைக்காட்சியை இணைத்ததும் ஸ்பீக்கரில் 'ம்ம்ம்' என்று ஓசை. எர்த் முள்ளைக் கழற்றினால் நிற்கிறது.

பதில்: உடனே திரும்பப் பூட்டுங்கள். அந்த ஓசைக்குக் காரணம் எர்த் வழியே சுற்றி வரும் மின்னோட்டம். எல்லாவற்றையும் ஒரே பிளக் பொயின்ட்டிலிருந்து எடுங்கள். நிற்காவிட்டால் அன்டெனா கேபிளில் அந்தச் சுற்றைத் துண்டிக்கும் ஐசோலேட்டர் ஒன்று போடுங்கள்.

கேள்வி: வாங்கிய பலகை இரண்டாம் வாரமே செத்தது. கடைக்காரர் மாற்றித் தர மறுக்கிறார்.

பதில்: பற்றுச்சீட்டும் உத்தரவாத அட்டையும் கையில் இருந்தால் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 எண்ணுக்கு அழைத்து முறையிடுங்கள். பெட்டியையும் எறிந்துவிடாதீர்கள், அதிலுள்ள வோல்ட்டளவு எழுத்தே உங்கள் சான்று.