குளிரே தெரியாத ஊரிலிருந்து குளிருக்குப் பொருள் வாங்குகிறீர்களா?

கேள்வி: சித்தப்பா மகன், அத்தை மகன், நான் என மூன்று பேர். ஜனவரியில் மூணாறு பக்கம் ஒரு தனியார் முகாமில் சொந்த டென்ட் போட்டு இரண்டு இரவு தங்கப் போகிறோம். யாருக்கும் முன் அனுபவம் இல்லை. ‘மைனஸ் 5 டிகிரி வரை தாங்கும்’ என்று போட்ட ஸ்லீப்பிங் பேக் (உள்ளே நுழைந்து படுக்கும் பஞ்சுப் பை) ஆன்லைனில் 1,300 ரூபாய்க்குக் கிடைக்கிறது. இப்போதே மூன்று வாங்கிவிடலாமா? (மார்த்தாண்டம் வாசகர்)

பதில்: வேண்டாம், கொஞ்சம் பொறுங்கள். ஆன்லைனில் வாங்கும் பொருளைத் திருப்பி அனுப்ப ஏழு நாளோ பத்து நாளோதான் கெடு தருகிறார்கள். நம் குமரி மாவட்டத்தில் மார்கழி, தை இரவிலும் ஃபேன் போட்டுத்தான் படுக்கிறோம். அந்தப் பை குளிரைத் தாங்குமா என்று இங்கே சோதித்துப் பார்க்க வழியே இல்லை. தாங்காது என்பது மூணாறில் நடுராத்திரி பல் கிட்டும்போதுதான் தெரியும். அதற்குள் கெடு எப்போதோ முடிந்திருக்கும். ஜனவரியில் அங்கே சில பள்ளத்தாக்குகளில் பூஜ்யம் டிகிரி வரை இறங்கி, தேயிலை மேல் உறைபனி படியும். ஆகவே கண்ணால் பார்த்துச் சோதிக்கக்கூடியதை எல்லாம் பொருள் கைக்கு வந்த அன்றே சோதித்துவிட வேண்டும்.

முதலில் அந்த ‘மைனஸ் 5’ எந்தக் கணக்கு என்று பாருங்கள். முறையாகச் சோதித்த பையில் ஐ.எஸ்.ஓ. 23537 என்ற தர எண்ணும் மூன்று வெப்ப அளவுகளும் இருக்கும். ‘கம்ஃபர்ட்’ என்பது நிம்மதியாகத் தூங்கக்கூடிய அளவு. ‘லிமிட்’ என்பது உடம்பைச் சுருட்டிக்கொண்டு ஒருவாறு இரவைக் கழிக்கும் அளவு. ‘எக்ஸ்ட்ரீம்’ என்பது உயிர் பிழைப்பதற்கான அளவு; அந்தக் குளிரில் தூக்கம் வராது, உடம்புக்குக் கெடுதலும் வரலாம். மலிவான பைகளில் பெரும்பாலும் இந்த மூன்றாவது எண்ணைத்தான் பெரிய எழுத்தில் போடுகிறார்கள், அல்லது எந்தச் சோதனையும் இல்லாமல் ஒரு எண்ணைப் போட்டுவிடுகிறார்கள். ‘கம்ஃபர்ட்’ அளவு எங்கேயும் எழுதியிருக்கவில்லை என்றால் அந்தப் பையை விட்டுவிடுங்கள்.

அடுத்து எடை. செயற்கைப் பஞ்சு அடைத்த பை பூஜ்யம் டிகிரியில் நிம்மதியான தூக்கம் தர வேண்டுமானால் பொதுவாக ஒன்றரை கிலோவுக்குக் குறையாது. 900 கிராம் பை 1,300 ரூபாய்க்கு மைனஸ் 5 தாங்கும் என்றால் நம்பாதீர்கள். பார்சல் வந்ததும் பையை உதறி விரித்து ஒரு மணி நேரம் விடுங்கள், பஞ்சு எழும்பட்டும். பிறகு ஜிப்பைத் திறந்து ஒற்றை அடுக்காக விரித்து டியூப் லைட்டுக்கு எதிரே தூக்கிப் பிடியுங்கள். வெளிச்சம் திட்டுத்திட்டாகத் தெரியும் இடத்தில் பஞ்சு இல்லை. தையல் வரி நெடுக வெளிச்சம் கோடாகத் தெரிந்தால் குளிரும் அந்த வழியாகத்தான் வரும். ஜிப்புக்கு உட்புறம் பஞ்சு வைத்த பட்டை ஒன்று ஓட வேண்டும். இதில் எது சரியில்லாவிட்டாலும் டேக்கைக் கழற்றாமல் அன்றைக்கே திருப்பி அனுப்பிவிடுங்கள்.

என் யோசனையைக் கேட்டால், முதல் தடவைக்குப் பையையும் டென்ட்டையும் முகாமிலேயே வாடகைக்கு எடுங்கள். காசைப் பைக்குக் கீழே விரிக்கும் ‘மேட்’ வாங்கப் போடுங்கள். பை எவ்வளவு நல்லதானாலும் நம் உடம்பின் கனத்தில் அடிப்பக்கப் பஞ்சு நசுங்கிவிடும், தரையின் ஜில்லிப்பு நேராக முதுகில் ஏறும். மேட் குளிரை எவ்வளவு தடுக்கும் என்று காட்ட அதில் ‘ஆர் வேல்யூ’ என்று ஓர் எண் இருக்கும்; பூஜ்யம் டிகிரிக்கு 3 அல்லது 4 வேண்டும். ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு மேட் போட்டால் இரண்டின் எண்ணும் கூடும். வெறுமனே காற்றடிக்கும் மெத்தை குளிருக்கு உதவாது. காரில் போவதானால் வீட்டுக் கம்பளிகளையும் அள்ளிப் போட்டுக்கொள்ளுங்கள். படுக்கும்போது பருத்தி பனியன் வேண்டாம். வியர்வையைக் குடித்து ஈரமாகவே கிடக்கும். காதை மூட ஒரு குல்லா, உலர்ந்த ஒரு ஜோடி சாக்ஸ் கட்டாயம்.

கேள்வி: குளிர் தாங்காவிட்டால் டென்ட்டுக்குள் கரி அடுப்பு வைக்கலாமா? (குலசேகரம் வாசகர்)

பதில்: கூடவே கூடாது. கரியும் கேஸ் அடுப்பும் மூடிய இடத்தில் எரியும்போது கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. தூங்குகிறவர் விழிக்காமலே போய்விடுவார். அணைந்ததுபோல் தெரியும் கரித்துண்டையும் உள்ளே கொண்டுவராதீர்கள். கெட்டியாக மூடும் பாட்டிலில் வெந்நீர் ஊற்றி, துணி சுற்றிக் காலடியில் வைத்தால் போதும்.

கேள்வி: அவ்வளவு தூரம் போகாமல் காளிகேசம், மாறாமலை பக்கமே ஒரு இரவு தங்கிப் பழகலாமா? (பூதப்பாண்டி வாசகர்)

பதில்: அது வன உயிரினச் சரணாலயக் காடு. அனுமதியில்லாமல் இரவு தங்குவது குற்றம். 2018 மார்ச்சில் குரங்கணி காட்டுத்தீயில் மலையேறப் போனவர்கள் இறந்த பிறகு விதிகள் இன்னும் இறுகிவிட்டன. பழகுவதற்கு மொட்டை மாடியோ சொந்தத் தோப்போ போதும்.

கேள்வி: ‘வாட்டர்ப்ரூஃப்’ என்று சொல்லி விற்ற டென்ட்டை மாடியில் போட்டுப் படுத்தேன். காலையில் உள்ளே எல்லாம் ஈரம். ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது’ என்று பில்லில் அச்சிட்டிருப்பதைக் காட்டுகிறார் கடைக்காரர். (நாகர்கோவில் வாசகர்)

பதில்: அன்றைக்கு மழை பெய்ததா என்று நீங்கள் எழுதவில்லை. பெய்யவில்லை என்றால் அது உங்கள் மூச்சுக் காற்றின் ஈரமாக இருக்கலாம். ஒற்றைத் துணி டென்ட்டில் இது சகஜம். உள்ளே வலைத்துணி, மேலே தனி மழைத்துணி என இரண்டு அடுக்கு உள்ளதில், காற்றுத் திறப்பையும் மூடாமல் விட்டால், வெகுவாகக் குறையும். ஒழுகலா என்று உறுதி செய்ய, பகலில் உள்ளே ஆளில்லாமல் நியூஸ் பேப்பர் பரப்பி, வெளியே கால் மணி நேரம் ஹோஸில் தண்ணீர் அடியுங்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழை கிடைத்தால் இன்னும் நல்லது. இந்தச் சோதனைக்கு நம் ஊரை மிஞ்ச ஆளில்லை. தையல் ஓரம் பேப்பர் நனைந்தால் வீடியோ எடுங்கள்.

அப்படி ஒழுகினால் அது குறையுள்ள பொருள். பில்லில் சொன்ன கெடுவுக்குள், கெடு சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற மறுப்பது நியாயமற்ற வணிக நடைமுறை என்கிறது 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். கடைக்காரரிடம் எழுத்தில் கொடுத்து நகலில் கையெழுத்து வாங்குங்கள். மசியாவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அதிலும் தீராவிட்டால் நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் மனு போடலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. ஆன்லைனில் வாங்கியவர்களும், விற்றவர் டெல்லியில் இருந்தாலும், இங்கேயே மனு போடலாம். வாங்கியவர் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குத் தொடுக்க அந்தச் சட்டம் இடம் தருகிறது.