நான்கு ஓணான்களை வைத்து ஒரு காட்டை எடைபோடலாமா?

கேள்வி: வனத்துறை அனுமதி பெற்று, ஏப்ரல் மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள், காலை பதினொரு மணி முதல் ஒரு மணி வரை நன்மங்கலம் காப்புக்காட்டில் நாங்கள் கல்லூரி மாணவர்கள் சிலர் நடந்தோம். கண்ணில் பட்டவை நான்கு ஓணான்கள் மட்டுமே. ஊர்வனவற்றுக்கு ஏற்ற வாழிடமன்று என்று அறிக்கையில் எழுதலாமா?

பதில்: எழுத வேண்டாம். அந்த எண்ணிக்கை காட்டைப் பற்றிச் சொல்வதைவிட, நீங்கள் நடந்த நேரத்தைப் பற்றியே அதிகம் சொல்கிறது. சென்னையின் ஏப்ரல் உச்சிவெயிலில் வெயில் காயும் ஓணான்கூட நிழல் தேடும். சுருட்டை விரியனும் கட்டுவிரியனும் பெரும்பாலும் இரவில் இரைதேடுபவை. அதிகாலையில் ஒருமுறை, தனி அனுமதி கிடைத்தால் இருட்டிய பின் ஒருமுறை, வடகிழக்குப் பருவமழைக்குப் பின் மீண்டும் ஒருமுறை எனப் பார்த்தால்தான் ஒப்பிட ஏதேனும் இருக்கும்.

அதுவரை விலங்கைத் தேடாமல் தரையைப் படியுங்கள். ஊர்வன வெயிலுக்கும் நிழலுக்கும் இடையே நகர்ந்தே தம் உடல் வெப்பத்தைச் சீராக வைத்துக்கொள்வதால், ஓர் இடம் எவ்வளவு சூடானது என்பதைவிட, சூடான இடமும் குளிர்ந்த இடமும் எவ்வளவு அருகருகே உள்ளன என்பதே முக்கியம். ஒரே நேரத்தில் வெட்டவெளிப் பாறையின் மேற்பரப்பு, அதன் பிளவின் உட்புறம், பக்கத்துப் புதரடிச் சருகு ஆகிய மூன்றிலும் வெப்பமானியை வைத்துக் குறித்துக்கொள்ளுங்கள். பத்தடிக்குள் நல்ல வேறுபாடு தெரிந்தால் அந்தத் துண்டு நிலம் மதிப்புள்ளது. பாறைப் பிளவு பல்லிக்கும் சுருட்டைக்கும், சருகு அரணைக்கும், கறையான் கைவிட்ட புற்று நல்ல பாம்புக்கும் உடும்புக்கும் உதவும். முட்டையிடத் தோண்டக்கூடிய, சற்றே ஈரமுள்ள மண் இருக்கிறதா என்பதைப் பலர் பார்க்க மறந்துவிடுகிறார்கள்.

தடயங்களும் கணக்கில் வரும்: முள்ளில் சிக்கிய பாம்புச் சட்டை, புழுதியில் உடும்பின் வால் இழுத்த கோடு, நுனியில் வெள்ளை ஒட்டிய எச்சம்.

சீமைக்கருவேலத்தைக் கண்டதுமே மதிப்பெண்ணைக் குறைத்துவிடாதீர்கள். அடர்ந்து மூடினால் திறந்த வெளியை விரும்பும் விசிறித்தொண்டை ஓணானுக்கு அது கேடுதான். சாரைக்கு அதே புதர் மறைவிடமாகலாம். ஆகவே இனம்வாரியாக மதிப்பிடுங்கள்.

கல்லைப் புரட்ட நேர்ந்தால் வெறுங்கையால் தொடாமல் கொக்கியால், உங்கள் பக்கமாக இழுத்துத் தூக்குங்கள். அப்போது உள்ளிருப்பது எதிர்ப்பக்கம் வெளியேறும். பார்த்து முடித்ததும் பழைய பள்ளத்திலேயே பொருந்தும்படி வையுங்கள். கல் சரியாகப் பொருந்தாமல் ஒருபக்கம் தூக்கிக்கொண்டு நின்றால் அடியிலுள்ள ஈரம் உலர்ந்துவிடும்.