ரத்தத்தை விடுங்க, காதைப் பாருங்க

முதல்ல ஆன்லைன்ல ஆர்டர் பண்ண அந்த டிஎன்ஏ டெஸ்ட் கிட்டை ரிட்டர்ன் பண்ணிடுங்கம்மா. 14 மாசத்துல தத்தெடுத்த பொண்ணு, இப்ப ரெண்டேகால் வயசு, அஞ்சாறு வார்த்தைதான் பேசுறா, சரியா சாப்பிடல, தூங்குறப்ப தலையை ஆட்டுறான்னு ரெண்டு பக்கத்துக்கு எழுதியிருக்கீங்க, ஆனா உங்களைத் தூங்க விடாம பண்றது நாத்தனார் சொன்ன "யார் வயித்துப் புள்ளையோ, எந்த ரத்தமோ"ங்குற அந்த ஒரு வரிதான்னு நல்லாவே தெரியுது.

ஜீனுக்கு, அதாவது பெத்தவங்க வழியா வர்ற பரம்பரைக்கு, வேலையே இல்லன்னு பொய் சொல்ல மாட்டேன். அமெரிக்காவுல கொலராடோவுல தத்துக் குழந்தைங்க 50 பேரை 1 வயசுல பார்த்தாங்க, பேச்சு வளர்ச்சிக்கும் பெத்த அம்மாவோட அறிவுத்திறனுக்கும் தொடர்பு இருந்துச்சு, அதே சமயம் குழந்தை "ங்கா"ன்னா வளர்க்குற அம்மா திருப்பி "ங்கா"ன்னு பதில் கொடுக்குறாளாங்குறதுக்கும் தொடர்பு இருந்துச்சு. ருமேனியாவுல 1989ல ஆட்சி கவிழ்ந்தப்புறம் ஹோம்ல கிடந்த குழந்தைங்களை பிரிட்டன்ல தத்தெடுத்தாங்க, 6 மாசத்துக்குள்ள வந்ததுங்க 4 வயசுலயே பெரும்பாலும் மத்த புள்ளைங்களை எட்டிப் பிடிச்சிருச்சு, லேட்டா வந்ததுங்களும் நல்லா முன்னேறுச்சு, ஆனா அதுல சிலருக்கு பிரச்சனை நீடிச்சுது. அதுங்களைப் பின்னுக்கு இழுத்தது ரத்தம் இல்ல, தூக்கி வெச்சுப் பேச ஆள் இல்லாததுதான்.

தலையை ஆட்டுறது ஹோம்ல வளர்ந்த பிள்ளைங்க தன்னைத் தானே தாலாட்டிக்கிற பழக்கம், விட்டுருங்க. எடை ஏறுதுல்ல, அப்ப சாப்பாட்டுக் கவலையையும் விடுங்க. மெமரி டானிக்கையும் வசம்பு சுட்டு நாக்குல தேய்க்கிறதையும் இன்னிக்கே நிறுத்துங்க.

எனக்கு உறுத்துறது நீங்க போற போக்குல கடைசியா எழுதினதுதான். பின்னாடி நின்னு கூப்பிட்டா திரும்ப மாட்டேங்குறா, அடம், ஆனா கதவு டமால்னா திரும்புறா, அதனால காது நல்லா இருக்குன்னு நீங்களே முடிவு பண்ணிட்டீங்க! கதவுச் சத்தம் கனமான சத்தம், அதிர்வும் சேர்ந்து வரும், அதை வெச்சு எதுவும் சொல்ல முடியாது. ச, ஸ மாதிரி மெல்லிசான ஒலி காதுல விழலன்னா வார்த்தை எங்கேருந்து வரும்? பிறந்தப்ப எடை கம்மியா, மஞ்சள் காமாலை வந்துச்சா, இன்குபேட்டர்ல இருந்தாளா, உங்களுக்கு எதுவும் தெரியாது, இதுல எல்லாமே காது பாதிக்கலாம். சளியால நடுக்காதுல நீர் கோத்திருந்தா அது சுலபமா சரியாகுற விஷயம். நிஜமாவே கேட்கலன்னா ஒவ்வொரு மாசமும் நஷ்டம், மூணு வயசாகட்டும்னு யார் சொன்னாலும் கேட்காதீங்க.

இந்த வாரமே ஈஎன்டி டாக்டர்கிட்ட ஓஏஇ (உள்காது சத்தத்துக்கு வேலை செய்யுதான்னு பார்க்குறது), பெரா (சத்தம் காது நரம்பு வழியா மூளைக்குப் போகுதான்னு பார்க்குறது) ரெண்டு டெஸ்ட்டும் எடுங்க, அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில கூட கேட்டுப் பாருங்க. தத்துக் கொடுத்தப்ப வந்த ஃபைல்ல மெடிக்கல் ரிப்போர்ட் இருக்கும், அதை மறக்காம கொண்டு போங்க. பெரா குழந்தை தூங்கினாதான் எடுக்க முடியும், அதனால அன்னிக்கு ஆட்டோவுல கண்ணு அசந்துடாம பார்த்துக்கோங்க.