கறுப்புத் தாய், கறுப்புத் தகப்பன், செவலைக் கன்று

கால்நடை கேள்வி – பதில்

வாசகி, பொள்ளாச்சி: என் மகள் அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் இறைச்சிக்காக மாடு வளர்க்கும் பண்ணை ஒன்றில் கால்நடை மருத்துவராக இருக்கிறாள். அங்கே எல்லாம் கறுப்பு அங்கஸ் மாடுகள். காளைக்கும் பசுவுக்கும் பல தலைமுறைப் பதிவுச் சான்றிதழ் உண்டு. இந்த ஆண்டு அப்படிப்பட்ட ஒரு ஜோடிக்கு அசல் செவலைக் கன்று பிறந்திருக்கிறது. பக்கத்துப் பண்ணைக் காளை வேலி தாண்டியிருக்கும், இரத்தம் கெட்டுவிட்டது என்கிறாராம் உரிமையாளர். மகள் இல்லை என்கிறாள். யார் சொல்வது சரி?

பதில்: பெரும்பாலும் உங்கள் மகள் சொல்வதுதான் சரியாக இருக்கும். அங்கஸ் இனத்தில் செவலை நிறம் வெளியிலிருந்து வந்ததல்ல, கூடவே பிறந்தது.

இந்த மாட்டின் பூர்வீகம் ஸ்காட்லாந்தின் வடகிழக்குப் பகுதி. அபர்டீன்ஷயர், அங்கஸ் பக்கத்து விவசாயிகள் வளர்த்த கொம்பில்லாத மாடுகளில் கறுப்பு அதிகம், செவலையும் உண்டு. கீலர் என்ற ஊரில் ஹியூ வாட்சன் என்பவர் கறுப்பாகவே பார்த்துப் பொறுக்கி இனத்தைக் கட்டினார். 1842இல் அவரிடம் பிறந்த 'ஓல்ட் ஜாக்' என்ற காளைதான் பின்னாளில் மந்தைப் பதிவேட்டில் முதல் எண்ணைப் பெற்றது. எவ்வளவு பொறுக்கினாலும் கண்ணுக்குத் தெரிவதைத்தானே பொறுக்க முடியும்?

மாட்டின் நிறத்தைப் பெரிதும் தீர்மானிக்கும் எம்சி1ஆர் என்ற மரபணு 18ஆம் குரோமோசோமில் இருக்கிறது. தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று என இரண்டு பிரதிகள். அவற்றில் ஒன்று கறுப்பாக இருந்தாலே கன்று முழுக் கறுப்பு. இரண்டுமே செவலைப் பிரதியாக அமைந்தால்தான் செவலை வெளியே வரும். செவலையை ஒளித்து வைத்திருக்கும் கறுப்புக் காளையும் அதேபோன்ற கறுப்புப் பசுவும் சேர்ந்தால், ஒவ்வொரு ஈற்றிலும் செவலைக் கன்று பிறக்க நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. அப்படி ஒளித்து வைத்திருப்பது ஜோடியில் ஒன்று மட்டுமே என்றால் எத்தனை ஈற்றுக்கும் செவலை தலைகாட்டாது. கன்றுகளில் பாதி அதை அடுத்த தலைமுறைக்குச் சுமந்து செல்லும். கொள்ளுப்பாட்டியின் பூனைக்கண் பேத்திக்கு வந்து நிற்பதுபோல, ஐந்தாறு தலைமுறைக்குப் பிறகும் அது வெளிப்படலாம்.

உரிமையாளரிடம் மகள் இன்னொன்றையும் கேட்கட்டும். பக்கத்துக் காளை வேலி தாண்டியது உண்மையென்றே வைத்துக்கொள்வோம். அது செவலைக் காளையாகவே இருக்கட்டும். பசு கலப்பில்லாத கறுப்பாக இருந்தால் அந்தக் காளைக்கும் கறுப்புக் கன்றுதான் ஈன்றிருக்கும். ஆக, தகப்பன் யாராக இருந்தாலும் பசுவிடம் செவலைப் பிரதி ஒன்று இருப்பது உறுதி. வேலியைச் சரிசெய்து இதை மாற்ற முடியாது. தாண்டி வந்தது ஹெரஃபோர்ட் இனக் காளையாக இருந்தால் கன்றின் முகம் வெள்ளையாக இருக்கும். ஷாரொலே இனமாக இருந்தால் நிறம் வெளுத்துப் புகைபோல ஆகியிருக்கும். அசல் செவலை என்று நீங்கள் எழுதியிருப்பதால் இரண்டும் இல்லை. சந்தேகம் தீரவில்லையா? வால் மயிர் வேரோடு கொஞ்சம் பிடுங்கி ஆய்வகத்துக்கு அனுப்பினால் தகப்பன் யார் என்பதும் தெரிந்துவிடும், இரண்டு பெற்றோரிடமும் ஒளிந்திருப்பது என்ன என்பதும் தெரிந்துவிடும்.

கன்று தூய இனமா என்ற கேள்விக்கு வருகிறேன். பெற்றோர் யார் என்பது உறுதியானால், அது இரத்தத்தில் தூய அங்கஸ். பதிவேட்டில் ஏறுமா என்பது வேறு விஷயம், நாட்டுக்கு நாடு மாறும். பிரிட்டனிலும் கனடாவிலும் கறுப்பும் செவலையும் ஒரே புத்தகத்தில் பதிவாகின்றன. அமெரிக்காவின் அங்கஸ் சங்கம் 1917இல் செவலைக்குக் கதவை அடைத்தது. அதற்கு முந்தைய நாள்வரை தூய மாடாக இருந்தது மறுநாள் காகிதத்தில் இல்லாமல் போயிற்று. மாட்டில் எதுவும் மாறவில்லை. ஒதுக்கப்பட்ட செவலைகளை வயோமிங்கின் ஷெரிடன் ஊரில் வால்டோ ஃபோர்ப்ஸ் 1945 முதல் சேர்த்து வளர்த்தார்; 1954இல் ரெட் அங்கஸ் சங்கம் பிறந்தது. கன்றின் எடையைக் குறித்துக் கொடுத்தால்தான் பதிவு என்று தொடக்கத்திலேயே விதி வைத்த சங்கம் அது. நிறத்தைப் பற்றிக் கவலைப்பட்டவர்களைவிட இவர்கள் உருப்படியான காரியம் செய்தார்கள் என்பது என் அபிப்பிராயம். கன்றைக் கறிக்கு அனுப்பும் முன் உரிமையாளர் இவர்களிடம் பதிவு விதிகளைக் கேட்டுப் பார்க்கலாம்.

காளையை விற்கவும் அவசியமில்லை. செவலைப் பிரதி இல்லை என்று சோதனையில் தெரிந்த பசுக்களோடு மட்டும் சேர்த்தால் கன்றெல்லாம் கறுப்பாகவே பிறக்கும். மரபணுச் சோதனை இல்லாத காலத்தில், சந்தேகப்பட்ட காளையைச் செவலைப் பசுக்களோடு சேர்த்துப் பார்ப்பார்கள். காளை செவலையை ஒளித்து வைத்திருந்தால், ஏழு கன்றுகள் தொடர்ந்து கறுப்பாகப் பிறக்க 128இல் ஒரு பங்குதான் வாய்ப்பு.

வாசகர், ஈரோடு: கறுப்பாக இருந்தாலே அது அங்கஸ் என்று நம்பலாமா?

பதில்: அமெரிக்காவில் நம்பவே கூடாது. காரணம் சந்தை. 1978இல் அங்கஸ் சங்கம் தன் இறைச்சிக்கு ஒரு தனி முத்திரையைத் தொடங்கியது. உயிரோடு நிற்கும் மாட்டை அதற்குத் தேர்ந்தெடுக்க, தோல் பெரும்பாலும் கறுப்பாக இருப்பது முக்கியமான அடையாளம். இறைச்சியின் கொழுப்பு ஓட்டம் முதலியவற்றை வெட்டிய பிறகு தனியாகப் பார்ப்பார்கள் என்றாலும், தொழுவத்தில் நிற்கும்போதே கறுப்புத் தோலுக்குக் கூடுதல் விலை வந்துவிட்டது. பிறகு மற்ற இனக்காரர்கள் சும்மா இருப்பார்களா?

சிமென்டல் சுவிட்சர்லாந்து மாடு: செவலை அல்லது மஞ்சள் உடம்பு, வெள்ளைத் திட்டுகள், வெள்ளை முகம். பிரான்சின் லிமோசின் பொன் செவலை. இன்று அமெரிக்கப் பண்ணைகளில் இரண்டுமே முழுக் கறுப்பாக நிற்கின்றன. அந்தக் கறுப்பு பெரும்பாலும் அங்கஸ் கொடுத்தது. வழி இதுதான்: அங்கஸ் பசுவுக்குச் சிமென்டல் காளை, பிறக்கும் கிடாரிக்கு மறுபடி சிமென்டல் காளை, இப்படியே தொடர்ந்தால் சிமென்டல் பங்கு பாதி, முக்கால், எட்டில் ஏழு, பதினாறில் பதினைந்து என்று ஏறும். பசு எட்டில் ஏழையும் காளை பதினாறில் பதினைந்தையும் எட்டினால் அமெரிக்கச் சிமென்டல் சங்கம் தூய இனம் என்று எழுதிக் கொடுக்கும். ஒவ்வொரு படியிலும் கறுப்புக் கன்றையே பொறுக்கினால் கடைசியில் கறுப்புச் சிமென்டல் தயார். ஐரோப்பாவிலிருந்து வந்த முன்னோர்கள் மட்டுமே உள்ள மாட்டுக்கு 'ஃபுல்பிளட்' என்று தனி வகுப்பு வைத்திருக்கிறார்கள்.

இதை மோசடி என்று சொல்ல மாட்டேன், எல்லாம் சான்றிதழில் பட்டவர்த்தனமாக இருக்கிறது. ஆனால் அங்கஸ் இனத்தில் பல தலைமுறையாக வந்த செவலைக் கன்று வெளியே, பதினாறில் ஒரு பங்கு அங்கஸ் கலந்த கறுப்புச் சிமென்டல் உள்ளே என்ற கணக்கு எனக்குச் சிரிப்பு மூட்டுகிறது.

அதே வாசகர்: அங்கஸ் கன்றின் வயிற்றில் வெள்ளைத் திட்டு இருந்தால்?

பதில்: தொப்புளுக்குப் பின்னால் அடிவயிற்றோடு நின்றால் அமெரிக்கச் சங்கம் பொறுத்துக்கொள்ளும். தொப்புளைத் தாண்டி முன்னால் போனால் வம்புதான்.

வாசகர், தாராபுரம்: எங்கள் காங்கேயம் கன்றுகள் செவலையாகப் பிறந்து பிறகு மயிலையாகின்றன. அதுவும் இந்தக் கதைதானா?

பதில்: இல்லை. அங்கஸ் செவலை சாகும்வரை செவலைதான். உங்கள் கன்று வயதோடு நிறம் மாறுகிறது. சுமார் ஆறு மாதத்தில் செம்மை போய்ச் சாம்பல் வந்துவிடும். காளைக்குத் திமிலும் முன்னங்காலும் கருத்துவருவதும் அந்த இனத்தின் இயல்பு. வளர்ந்த பிறகும் செவலையாகவோ காரியாகவோ நிற்கும் காங்கேயமும் உண்டு என்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள். நிறத்தை மட்டும் சொல்லி அடிமாட்டு விலைக்குக் கேட்கும் தரகரிடம் மாட்டைக் கொடுத்துவிடாதீர்கள்.

வாசகர், மெல்போர்ன்: இரண்டு செவலை அங்கஸுக்குக் கறுப்புக் கன்று பிறந்தால்?

பதில்: அங்கேதான் கவலைப்பட வேண்டும். கறுப்புப் பிரதி இருந்தால் அது ஒளிந்திருக்காது. பெற்றோர் இருவரிடமும் அது இல்லாதபோது கன்றுக்கு எங்கிருந்து வரும்? சினை ஊசி மாறியிருக்கும், குறிப்பேட்டில் காது எண் மாறியிருக்கும், அல்லது வேறு காளை வந்திருக்கும். பதிவுக்கு விண்ணப்பிக்கும் முன் தகப்பனை உறுதிசெய்யும் சோதனையை நடத்துங்கள்.

அதே வாசகர்: வெள்ளையும் செவலையும் மயிர்க்காலுக்கு மயிர்க்கால் கலந்த ரோன் நிற ஷார்ட்ஹார்ன் மந்தை ஒன்றை உருவாக்க ஆசை. எல்லாமே ரோனாக இருக்க வேண்டும்.

பதில்: மந்தைக்குள்ளேயே பெருக்கி அதை அடைய முடியாது. ரோன் என்பது வெள்ளைப் பிரதி ஒன்றும் செவலைப் பிரதி ஒன்றும் சேர்ந்த நிலை. ரோனையும் ரோனையும் சேர்த்தால் சராசரியாகப் பாதி ரோன், கால் செவலை, கால் வெள்ளை. மூன்றுமே தூய ஷார்ட்ஹார்ன். 1822இல் தொடங்கிய கோட்ஸ் பதிவேடு முதல் மூன்றையும் ஏற்றிருக்கிறார்கள். கன்று முழுவதும் ரோனாக வேண்டுமானால் வெள்ளைக் காளையைச் செவலைப் பசுக்களோடு விடுங்கள். ஒவ்வொரு தலைமுறைக்கும் இதையே திரும்பச் செய்ய வேண்டும். வெள்ளைக் கிடாரி வாங்கும்போது மட்டும் கருப்பை, பிறப்புவழி இரண்டையும் மருத்துவரைக் கொண்டு பரிசோதித்துவிடுங்கள். இந்த இனத்தின் வெள்ளைக் கிடாரிகள் சிலவற்றில் அவை சரியாக வளராமல் சினை பிடிக்காது.