சித்திரையில் எல்லா ஆட்டுக்கும் பூச்சி மருந்து ஊற்றலாமா?

அன்புள்ள ஐயா,

பென்னாகரம் பக்கம் 35 வெள்ளாடு வைத்திருக்கிறேன். நான்கு வருடமாக இரண்டு மாதத்துக்கு ஒருமுறை எல்லாவற்றுக்கும் அல்பெண்டசோல் என்ற பூச்சி மருந்தை ஊற்றுகிறேன். பெரிய ஆட்டுக்கு 5 மில்லி. சித்திரையில் ஒன்றுவிடாமல் ஊற்றிவிடுவேன், மழைக்கு முன் வயிறு சுத்தமாக இருக்கட்டும் என்று. ஆனாலும் போன ஐப்பசியில் தாடை வீங்கி மூன்று ஆடு செத்தன. கழிச்சல்கூட இல்லை. மருந்து போலியா? ஒட்டுண்ணிகளின் பரிணாமம் பற்றி எழுதியிருந்தீர்கள். அது லட்சம் வருட சமாச்சாரம், என் பட்டிக்கு அதில் என்ன இருக்கிறது?

— ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

போலி மருந்தைச் சந்தேகப்படும் முன் அளவைப் பாருங்கள். கடையில் கிடைக்கும் 2.5 சதவீத மருந்தில் ஒரு மில்லிக்கு 25 மில்லிகிராம். 5 மில்லி என்றால் 125. 30 கிலோ ஆட்டுக்கு அது கிலோவுக்கு 4 மில்லிகிராம்தான். செம்மறிக்கே 7.5 வேண்டும். வெள்ளாட்டின் உடம்பு இந்த மருந்தை இன்னும் வேகமாகக் கழித்துவிடுவதால், செம்மறி அளவில் ஏறக்குறைய இரண்டு மடங்கு தேவை என்பது ஆய்வாளர்கள் கணக்கு. நீங்கள் ஊற்றியது அதில் கால்பங்குக்குச் சற்று மேல். அரைகுறை மருந்தில் சாகிறவை பலவீனமான புழுக்கள் மட்டுமே. தொங்கு தராசில் எடை பார்த்து, உங்கள் கால்நடை மருத்துவரிடம் அளவு கேளுங்கள். சினையான முதல் மாதத்தில் அல்பெண்டசோல் கூடாது, குட்டி ஊனமாகலாம்.

கழிச்சல் இல்லாமல் வெளிறி, தாடை வீங்கிச் சாவது பெரும்பாலும் ஹீமாங்கஸ் புழுவின் வேலை. நான்காவது இரைப்பையில் ஒட்டிக்கொண்டு ஒரு புழு நாளுக்கு 0.05 மில்லி ரத்தம் குடிக்கும். 5,000 புழு இருந்தால் கால் லிட்டர். பெண் புழு நாளுக்கு 5,000 முட்டைக்கு மேல் போடும். மழை ஈரத்தில் அந்த முட்டை ஒரு வாரத்தில் தொற்றும் புழுக்குஞ்சாகிப் புல்லில் ஏறும். ஆட்டின் வயிற்றுக்குப் போனபின் மூன்று வாரத்தில் தானே முட்டை போடும். ஆக, ஈரம் இருக்கும்வரை மாதத்துக்கு ஒரு தலைமுறை. லட்சம் வருடம் எதற்கு? அல்பெண்டசோல் குடும்பத்தின் முதல் மருந்தான தயாபெண்டசோல் 1961-ல் வந்தது. 1964-லேயே அதற்கு மசியாத ஹீமாங்கஸ் பதிவாகிவிட்டது. புழுவின் உடலில் மருந்து போய் ஒட்டும் பீட்டா டியூபுலின் என்ற புரதத்தில் 200-வது இடத்தில் ஒரு அமினோ அமிலம் மாறினால் போதும், மருந்து ஒட்டாது. அந்த மாற்றத்தை மருந்து உண்டாக்குவதில்லை. கோடிக்கணக்கான முட்டைகளில் எங்கோ ஏற்கெனவே இருப்பதற்கு மருந்து இடம் காலி செய்து கொடுக்கிறது.

சித்திரை மருந்தை நான் ஏன் தவறு என்கிறேன் என்பது இங்கேதான் வருகிறது. கோடையில் உங்கள் ஊர் மேய்ச்சல் நிலத்தில் பனியும் இல்லை, ஈரமும் இல்லை. புல்லிலிருந்த புழுக்குஞ்செல்லாம் காய்ந்து செத்திருக்கும். மிச்சப் புழு முழுவதும் ஆடுகளின் வயிற்றில்தான். அப்போது எல்லா ஆட்டுக்கும் ஊற்றினால், பிழைப்பது மருந்துக்கு மசியாத புழு மட்டும். முதல் மழையில் நிலத்தை நிரப்புவது அதன் வாரிசுகள்தான், கலந்து நீர்க்கச் செய்ய வேறு புழு கிடையாது. மருந்து கொடுத்த கையோடு மந்தையைப் புது மேய்ச்சலுக்கு ஓட்டினாலும் இதே கதைதான். மருந்து படாத புழு கொஞ்சம் பட்டியில் இருக்கட்டும். கேட்கவே எரிச்சலாக இருக்கும், ஆனால் உங்கள் மருந்தைக் காப்பாற்றுவது அதுதான்.

எந்த ஆட்டை விடுவது? எல்லா ஆட்டிலும் சம அளவு புழு இருக்காது. சில ஆடுகள் பெரும்பங்கைச் சுமக்கும், மற்றவை சும்மா பேருக்குத்தான். பிரிட்டனின் ஒட்டுண்ணி ஆய்வாளர் கிராஃப்டன் 1971-ல் இந்த ஏற்றத்தாழ்வையே ஒட்டுண்ணி வாழ்வின் அடிப்படை இலக்கணமாக வைத்துக் கணக்குப் போட்டார். தென்னாப்பிரிக்காவின் ஃபமாச்சா அட்டை அந்த ஆடுகளைக் கண்ணில் பிடிக்கும் வழி. சிவப்பு முதல் வெளிறல் வரை இமையின் நிறங்களுக்கு 1 முதல் 5 வரை எண் போட்ட அட்டை அது. வெயில் வெளிச்சத்தில் மேல் இமையைக் கட்டைவிரலால் மூடி லேசாக அழுத்தி, கீழ் இமையை இழுத்து உள்ளே இருக்கும் நிறத்தை அட்டையோடு ஒப்பிடுங்கள். இரண்டு கண்ணையும் பாருங்கள். சிவப்பான 1, 2-க்கு மருந்து வேண்டாம். வெளிறிய 4, 5-க்கு உடனே. 3 என்றால் குட்டிக்கும், சினைக்கும், மெலிந்ததற்கும் மட்டும். மழைக்காலத்தில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும். ஏரி உள்வாயில் மேய்கிற ஆட்டுக்குக் கல்லீரல் தட்டைப்புழுவாலும் கண் வெளிறும், அதற்கு என்ன மருந்து என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

அல்பெண்டசோல் இனி எடுபடுமா என்று தெரிய, சரியான அளவு கொடுத்துத்தான் சோதிக்க வேண்டும். 10 ஆட்டின் புழுக்கையை மலக்குடலிலிருந்தே எடுத்து, காற்றுப் புகாமல், குளிர்ச்சியில் வைத்து கால்நடை மருந்தகத்தில் முட்டை எண்ணச் சொல்லுங்கள். வெயிலில் விட்டால் முட்டை பொரிந்து கணக்குக் குறையும். மருந்து கொடுத்த 14-வது நாள் அதே ஆடுகளில் மறுபடி எடுங்கள். முட்டை 95 சதவீதமாவது குறையவில்லை என்றால் புழு மருந்தை மிஞ்சிவிட்டது. வேறு குடும்ப மருந்துக்குப் போக வேண்டும்.

சந்தையில் வாங்கிய ஆட்டைச் சோதித்த பிறகே பட்டியில் சேருங்கள், பிறர் பட்டியின் மசியாத புழு அப்படித்தான் வந்து சேர்கிறது. பனி காய்ந்தபின் ஓட்டுங்கள். புழுக்குஞ்சு பெரும்பாலும் தரையிலிருந்து நாலு விரல் உயரத்துக்குள்தான் இருக்கும். வெள்ளாடு இயல்பில் தழை கடிக்கும் பிராணி. தரைப்புழுவோடு போராடப் பழகியது குறைவு. அகத்தி, சவுண்டல் கொம்பைக் கட்டித் தொங்கவிடுவது அதனால்தான் பலன் தருகிறது.

அட்டையில் பார்த்ததை ஆடுவாரியாக நோட்டில் எழுதி வையுங்கள். ஒரே மழைக்காலத்தில் மூன்று முறை 4-க்கு வந்த ஆட்டின் குட்டியைக் கிடாயாக நிறுத்தாதீர்கள். புழுவைத் தாங்காத தன்மையும் ஓரளவு வழிவழியாக வரும்.