பாகான் டத்தோ படகு: முழு விசையில் மோட்டார் அணைவது

மோட்டாரைக் கழற்றாதீங்க, அண்ணே. படகின் 48 வோல்ட், 5 கிலோவாட் மின்மோட்டார் முழு விசையில் மட்டும் அணைந்து, கொஞ்ச நேரத்தில் தானே ஓடுதுன்னா, கன்ட்ரோலருக்கு (மோட்டாருக்கு மின்சாரத்தை அளந்து விடும் பெட்டி) வோல்ட் போதாமல் இருக்கலாம். முதலில் சந்தேகப்பட வேண்டியது கேபிள் லக்தான், அதாவது கேபிள் முனையில் அழுத்தியிருக்கும் செம்பு வளையம். உப்புக் காற்றில் பச்சை பூத்திருக்கும்.

படகை இறுக்கிக் கட்டி, முழு விசையில் பேட்டரி முனையிலும் கன்ட்ரோலர் முனையிலும் வோல்ட் பாருங்க. அதுக்கு முன்னாடி விரலில் இருக்கும் மோதிரத்தைக் கழற்றிடுங்க. 1 வோல்ட்டுக்கு மேல் வித்தியாசமா? லக்கை வெட்டிப் புதுசு அழுத்துங்க. 100 ஆம்பியரில் அந்த 1 வோல்ட்டே 100 வாட் சூடு! தோட்டத்து ஒர்க்‌ஷாப்பில் டிராக்டர் கேபிளுக்கு இருக்கும் அழுத்துக் கருவி போதும், சுத்தியல் வேண்டாம்.

இரண்டு இடத்திலும் வோல்ட் ஒன்றாக இறங்கினால், பேட்டரிக்குள் ஏதோ ஒரு செல் பலவீனமாக இருக்கலாம். பேட்டரியின் செல்களைக் கண்காணிக்கும் பிஎம்எஸ் காட்டிக்கொடுக்கும்.

சரியான பிறகும் பேராக் ஆற்று வாயில் வற்றுநீரை எதிர்த்து ஏறாதீங்க. நீர் ஏறும்போது பாதி வேகத்தில் வந்தால் முழு வேகத்துக்கு வேண்டிய வாட்டில் சுமார் எட்டில் ஒரு பங்கு போதும்.