பட்டறை பதில்கள்: காலை ஆறு மணிக்குப் போய்ப் பாருங்கள்

கேள்வி: அண்ணா, நான் ஒட்டன்சத்திரம் பக்கம் இருக்கிறேன். திண்டுக்கல்லில் ஒரு தனியார் பள்ளியில் ஆசிரியர் வேலை. தினமும் போக வர 70 கிலோமீட்டர். வீட்டில் அப்பா, அம்மா, மனைவி, ஒரு மகள். சொசைட்டி கடனும் கைச்சேமிப்பும் சேர்த்து மூன்றரை லட்சம் இருக்கிறது. ஒரு புரோக்கர் 2013 மாடல் ஸ்விஃப்ட் டிசையர் டீசல் காட்டினார். செகண்ட் ஓனர், மீட்டரில் 98,000 கிலோமீட்டர், விலை 3.40 லட்சம். "டாக்டர் வண்டி, கிளினிக்குக்கு மட்டும்தான் ஓடியது" என்கிறார். வாங்கலாமா? டீசலே வேண்டாம் என்கிறான் மைத்துனன்.

பதில்: வாத்தியார் சார், முதலில் அந்த டாக்டரைப் பற்றி. முப்பது வருடமாகப் பட்டறை வைத்திருக்கிறேன். புரோக்கர்கள் கொண்டுவருகிற வண்டியில் பாதி டாக்டர் வண்டி, மீதி பேங்க் மேனேஜர் வண்டி. தமிழ்நாட்டில் இத்தனை டாக்டர்கள் இருந்தும் ஆஸ்பத்திரியில் ஏன் இவ்வளவு கூட்டம் என்று புரியவில்லை. அதை விடுங்கள்.

மைத்துனர் சொல்வதில் நியாயம் உண்டு, ஆனால் உங்களுக்குப் பொருந்தாது. 2014 அக்டோபரில் டீசல் விலைக் கட்டுப்பாட்டை எடுப்பதற்கு முன்பு பெட்ரோலுக்கும் டீசலுக்கும் பெரிய வித்தியாசம் இருந்தது. அதனால் மாதம் முந்நூறு கிலோமீட்டர் ஓட்டுகிறவர்கூட டீசல் வாங்கினார். இப்போது அந்த வித்தியாசம் சுருங்கிவிட்டது. உங்கள் ஓட்டத்தைப் போடுவோம். வருடம் இருபதாயிரம் கிலோமீட்டர். டீசல் 92, பெட்ரோல் 101 என்று வைத்துக்கொண்டால், லிட்டருக்கு 19 கிலோமீட்டர் கொடுக்கிற டீசல் காருக்குச் சுமார் 97,000 ரூபாய், 15 கொடுக்கிற பெட்ரோல் காருக்கு 1,35,000 ரூபாய். வருடம் 38,000 மிச்சம். இதுவே ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு மட்டும் போகிறவர், வருடம் ஐயாயிரம் கிலோமீட்டர் என்றால் மிச்சம் ஒன்பதாயிரம் சொச்சம்தான். டீசலில் ஒரு நோசில் (சிலிண்டருக்குள் டீசலைப் பீச்சுகிற சாமான்) போனால் அந்தக் காசு அப்படியே போய்விடும். உங்களுக்கு ரன்னிங் இருக்கிறது, டீசல் சரி.

அந்த டிசையரில் இருப்பது 1248 சிசி ஃபியட் வடிவமைத்த இன்ஜின். அதே இன்ஜின் ரிட்ஸில் இருந்தது, எர்டிகாவில் இருந்தது, டாடா விஸ்டாவில்கூட இருந்தது. எந்த ஊரிலும் சாமான் கிடைக்கும், கை வைக்கத் தெரிந்த மெக்கானிக் கிடைப்பார். டைமிங் செயின் (வால்வுகளைச் சரியான நேரத்தில் திறந்து மூட வைக்கிற சங்கிலி) வைத்தது. அந்த வேலைக்குப் பெல்ட் வைத்த டீசல் கார்களில் (ஃபிகோ 1.4, டஸ்டர், வெரிட்டோ எல்லாம் அப்படி) பெல்ட் எப்போது மாற்றினார்கள் என்று பில் காட்டாவிட்டால், வாங்கிய உடனே மாற்ற வேண்டியிருக்கும். ஓட்டத்தில் அது அறுந்தால் வால்வு பிஸ்டனில் இடித்து இன்ஜினைப் பிரிக்க வேண்டிவரும். மாருதி 2020 ஏப்ரலோடு டீசலை நிறுத்திவிட்டதே என்று பயப்பட வேண்டாம், பழைய வண்டிக்குச் சாமான் வந்துகொண்டுதான் இருக்கிறது. டிக்கி பெரிதாக வேண்டுமென்றால் அதே விலைக்குள் டொயோட்டா எடியோஸ் டீசலையும் பாருங்கள். 595 லிட்டர் டிக்கி. உங்கள் அம்மா ஊருக்குக் கட்டுகிற அரிசி மூட்டை, தேங்காய் எல்லாம் போகும்.

இப்போது பார்க்கிற விதம். இதில் நான் ஒருமுறை அடிபட்டவன். என் மச்சானுக்காக ஒரு பழைய டீசல் கார் பார்க்கப் போனேன். காலை பத்து மணிக்கு வருகிறேன் என்று போன் பண்ணிவிட்டுப் போனேன். போனபோது வண்டி ஸ்டார்ட்டில் இருந்தது. "உங்களுக்காகத்தான் ரெடியா வச்சிருக்கேன்" என்றார் விற்பவர். சத்தம் நன்றாக இருந்தது, ஓட்டிப் பார்த்தேன், பணம் கொடுத்தோம். மறுநாள் காலை மச்சான் வீட்டு வாசலில் செல்ஃப் அடித்தால் கர்... கர்... என்று முக்கால் நிமிடம். பிறகு தெருவே மறைகிற மாதிரி வெள்ளைப் புகை. இன்ஜினில் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் காற்றை இறுக்குகிற பலம், இல்லை. சூடான பிறகு அது தெரியாது, ஆறிப்போனால்தான் தெரியும். மெக்கானிக்குக்கே இந்த கதி. மச்சான் இன்னும் என்னோடு பேசுகிறார், கார் பற்றி மட்டும் பேசமாட்டார்.

அதனால் காலை ஆறு மணிக்குப் போங்கள். போன் பண்ணி நேரம் சொல்ல வேண்டாம், சொன்னாலும் "நான் வரும் வரை ஸ்டார்ட் பண்ணாதீங்க" என்று சொல்லுங்கள். போனதும் முதல் வேலை பானட்டின் மேல் உள்ளங்கையை வைப்பது. வெதுவெதுப்பு இருந்தால் டீ குடித்துவிட்டு இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். ஜில்லென்று இருந்தால், சாவியைப் போட்டு மீட்டரில் சுருள் மாதிரி எரிகிற மஞ்சள் விளக்கு அணைந்ததும் செல்ஃப் அடியுங்கள். இரண்டு மூன்று விநாடிக்குள் பிடிக்க வேண்டும். மனைவியையோ நண்பரையோ சைலன்சர் பக்கம் நிறுத்துங்கள். ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது கொஞ்சம் கருப்பு வந்தால் பரவாயில்லை. நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. சூடான பிறகும் வெள்ளை நிற்கவில்லை என்றால் திரும்பி வந்துவிடுங்கள்.

அப்புறம் ஐடிலில் (ஆக்சிலரேட்டரை மிதிக்காமல்) ஓடும்போதே ஆயில் ஊற்றுகிற மூடியைத் திருகி, எடுக்காமல் அப்படியே வைத்துப் பாருங்கள். லேசான ஆவி எல்லா டீசலிலும் வரும். இட்லிப் பானை மூடி மாதிரி துள்ளினால் அதுதான் நாங்கள் பேக் கம்ப்ரஷன் என்று சொல்வது. பிஸ்டன் ரிங் தேய்ந்து, சிலிண்டரில் எரிகிற வாயு கீழே இறங்குகிறது. இன்ஜின் வேலை வைத்தால் உங்கள் பட்ஜெட்டில் ஐந்தில் ஒரு பங்கு அதிலேயே போகும்.

ஓட்டும்போது ஒன்று. இந்த இன்ஜின் 2000 ஆர்பிஎம்முக்குக் கீழே சோம்பேறி. அது பழுது இல்லை, அதன் குணம். மூன்றாவது கியரில் முப்பதில் போய்க்கொண்டே முழுதாக அழுத்துங்கள். இரண்டாயிரத்தைத் தாண்டியதும் முதுகை சீட்டோடு சேர்த்துத் தள்ள வேண்டும். தள்ளவில்லை என்றால் டர்போவிலோ (இன்ஜினுக்குள் காற்றைத் திணிக்கிற சாமான்) அதன் ஹோஸிலோ கோளாறு. ஆர்பிஎம் மட்டும் ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் பிளேட் முடிந்தது.

எல்லாம் பிடித்திருந்தால், அட்வான்ஸ் கொடுக்கும் முன் பக்கத்திலுள்ள ஒரு டீசல் பம்ப் கடைக்கு (பங்க் இல்லை, பம்பும் நோசிலும் பழுது பார்க்கிற கடை) வண்டியைக் கொண்டுபோய் ரிட்டர்ன் டெஸ்ட் கேளுங்கள். நான் தொழில் கற்றது நாமக்கல்லில் ஒரு பம்ப் கடையில், அதனால் இதில் எனக்குக் கொஞ்சம் பைத்தியம். இந்த வண்டிகளில் நோசிலுக்குப் போகிற டீசலின் அழுத்தம் ஆயிரம் பாருக்கு (பார் என்பது அழுத்தத்தின் அளவு) மேல். உங்கள் டயரில் இருப்பது இரண்டு பார் சொச்சம், ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். நோசில் தேய்ந்தால் அந்த டீசல் சிலிண்டருக்குள் போகாமல் திரும்பி வழியும். நாலு நோசிலின் ரிட்டர்ன் பைப்பையும் கழற்றி நாலு சின்ன பாட்டிலில் விடுவார்கள். எங்கள் கடையில் இருமல் மருந்து பாட்டில்தான். சில நிமிடம் ஐடிலில் ஓடவிட்டால், நாலிலும் ஏறக்குறைய ஒரே அளவு நிற்க வேண்டும். மூன்றில் ஒரு விரல் உயரமும் ஒன்றில் கழுத்துவரையும் நின்றால் அந்த நோசில் போய்விட்டது என்று அர்த்தம். புதிது பத்தாயிரத்துக்கு மேல். அந்தப் பாட்டிலைக் காட்டியே விலையைக் குறைக்கலாம், புரோக்கரால் பாட்டிலோடு வாதாட முடியாது.

98,000 என்கிற மீட்டரை நான் நம்பமாட்டேன், நீங்களும் நம்பாதீர்கள். சர்வீஸ் பில் கேளுங்கள். கிளட்ச் பெடல் ரப்பர் வழவழவென்று தேய்ந்திருந்தால் அது ஒரு லட்சத்தில் தேய்கிற தேய்மானம் இல்லை. பின்சீட்டின் இடதுபக்கம் மட்டும் அமுங்கி, அந்தக் கதவின் கைப்பிடி மட்டும் பளபளத்தால், வண்டி டி போர்டில் ஓடி வந்ததா என்று ஆர்சியின் பழைய விவரத்தைப் பாருங்கள். டாக்ஸியில் ஏறுகிறவர் உட்காருகிற இடம் அது. சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள். அடியில் சேற்றுக்கறை இருந்தால் வெள்ளத்தில் நின்ற வண்டி. 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தில் மூழ்கியவை எத்தனையோ நம் ஊர்ப்பக்கம் துடைத்து வந்தன.

கடைசியாகக் காசு. மூன்றரை லட்சம் இருப்பவர் 3.40க்கு வண்டி வாங்கக் கூடாது சார். வண்டிக்கு மூன்று லட்சத்துக்கு மேல் போகாதீர்கள், மீதி ஐம்பதாயிரம் வாங்கிய முதல் மாதத்துச் செலவுக்கு. நாலு டயர் மட்டும் பதினெட்டாயிரம் ஆகும். டயரில் நாலு இலக்க எண் பாருங்கள், 2319 என்றால் 2019இல் 23வது வாரம் செய்தது. ஆயில், மூன்று ஃபில்டர், கூலன்ட், பிரேக் பேட் எல்லாம் வந்தவுடன் மாற்றுங்கள். இன்னொன்று, 2013 வண்டிக்கு 2028இல் பதினைந்து வருடம் முடியும். அப்போது ஆர்டிஓவில் வண்டியைக் காட்டி ஐந்து வருடத்துக்குப் புதுப்பிக்க வேண்டும். 2022 ஏப்ரலில் இருந்து அந்தக் கட்டணம் ஐயாயிரம், பசுமை வரி தனி. இதையும் சொல்லி விலை பேசுங்கள்.

கேள்வி: டீசல் கார் பார்க்கப் போனேன். டிப் ஸ்டிக்கில் ஆயில் தார் மாதிரி கருப்பு. வேண்டாம் என்று வந்துவிட்டேன். சரிதானே? (கரூர் வாசகர்)

பதில்: அவசரப்பட்டுவிட்டீர்கள். டீசலில் இன்று ஆயில் மாற்றினால் சில நாளிலேயே கருப்பாகிவிடும், கரி கலப்பதால். நிறத்தைப் பார்க்காதீர்கள். விரலில் தேய்த்துப் பாருங்கள்: மணல் மாதிரி நெருடுகிறதா, டீசல் வாடை அடிக்கிறதா, காபியில் பால் கலந்த நிறமா. இந்த மூன்றில் ஒன்று இருந்தால்தான் திரும்பி வரவேண்டும்.

கேள்வி: டெல்லி வண்டி, ஒன்பது வருடம் ஆனது, நம் ஊர் விலையில் பாதிக்குக் கிடைக்கிறது. எடுக்கலாமா? (திருப்பூர் வாசகர்)

பதில்: விலை விழக் காரணம் வண்டி இல்லை, அங்குள்ள சட்டம். பத்து வருடம் தாண்டிய டீசல் வண்டி டெல்லியில் ஓடக் கூடாது என்று 2015இல் பசுமைத் தீர்ப்பாயம் சொன்னது, 2018இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது, 2025இல் அதே நீதிமன்றம் அதைக் கொஞ்சம் தளர்த்தியது. நல்ல வண்டிகளும் அப்படி வருகின்றன. ஆனால் டெல்லி ஆர்டிஓவின் என்ஓசி (தடையில்லாச் சான்று) கையில் வராமல் ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள். இங்கே மறுபதிவும் ஆயுள் வரியும் உங்கள் செலவு. லாரியில் ஏற்றி வருகிற வாடகையும் சேர்த்துப் போட்டுப் பாருங்கள். முக்கியமாக, போட்டோவில் பானட்டைத் தொட்டுப் பார்க்க முடியாது.

கேள்வி: என் கணவரின் பழைய டீசல் காரை நாலு மாதம் முன்பு விற்றோம். வாங்கியவர் பெயர் மாற்றவில்லை. அபராத மெசேஜ் எங்கள் போனுக்கு வருகிறது. கேட்டால் "நாளைக்குப் பண்றேன் அக்கா" என்கிறார். (தஞ்சாவூர் வாசகி)

பதில்: நாளைக்கு என்று சொல்கிறவர் அடுத்த ஆளுக்கு விற்றுவிடுவார் அம்மா, சும்மா இருக்காதீர்கள். பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர் என்று 2018இல் ஒரு விபத்து வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. வண்டி யாரையாவது இடித்தால் நோட்டீஸ் உங்கள் வீட்டுக்குத்தான் வரும். விற்றவர் பதினான்கு நாளுக்குள் படிவம் 29 (விற்ற தகவல்) கொடுக்க வேண்டும், படிவம் 30இல் (பெயர் மாற்ற விண்ணப்பம்) வாங்கியவர் கையெழுத்தும் வேண்டும். தாமதமானாலும் இப்போதே கொடுங்கள். ஒப்புகைச் சீட்டு பெற்றுக்கொண்டு, டெலிவரி நோட் (வண்டியை ஒப்படைத்ததற்கு எழுதிய சீட்டு) நகல், வாங்கியவரின் அடையாள அட்டை நகல் இரண்டையும் இணைத்து ஆர்டிஓவுக்கு ரிஜிஸ்டர் தபாலில் ஒரு கடிதம், இன்சூரன்ஸ் கம்பெனிக்கு ஒரு கடிதம். அவர் போன் எடுக்காமல் போனால் காவல் நிலையத்தில் மனு. அந்த டெலிவரி நோட்டில் தேதியோடு மணியும் எழுதியிருக்கிறீர்களா என்று பாருங்கள். மாலை நாலு மணிக்குச் சாவி கொடுத்து, ஐந்து மணிக்கு அவர் சிக்னலைத் தாண்டினால் அன்றைய அபராதம் யாருடையது என்பதை அந்த ஒரு வரிதான் சொல்லும்.